வேருக்குள் ஒட்டும் வேலை: ஃபைபர் போஸ்ட், ரெசின் சிமெண்ட் பற்றி எங்கள் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி என்று கரையோரம் நெடுக ஆட்கள் வருகிறார்கள். வேர் சிகிச்சை முடித்த பல்லுக்குள் போஸ்ட் வைக்க வேண்டும் என்றதும் அவர்கள் கேட்கும் கேள்விகளும், படித்து முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வந்த தம்பி தங்கைகள் போனில் கேட்கும் கேள்விகளும் கலந்துதான் கீழே இருக்கின்றன. இரண்டையும் பிரிக்க மனமில்லை. தன் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த நோயாளி, மருத்துவர் அவசரப்பட்டால் நிறுத்திக் கேட்பார்.

“வேர் சிகிச்சைதான் முடிஞ்சு போச்சே டாக்டரம்மா, திரும்ப உள்ளே எதுக்குக் கம்பி?”

வேர் சிகிச்சை பல்லின் வேரைக் காப்பாற்றுகிறது. மேலே உடைந்துபோன பாகத்தை அது திருப்பித் தராது. கேப் போடுவதற்கு முன் கேப்பின் அடியில் ஒரு திடமான மேடு வேண்டும். பல்லில் பாதிக்கு மேல் போய்விட்டால் அந்த மேட்டைப் பிடித்து நிறுத்த ஏதுமில்லை. அப்போது வேரின் குழாய்க்குள் ஒரு சிறு தண்டை இறக்கி ஒட்டி, அதன் தலையைச் சுற்றி மேட்டைக் கட்டுகிறோம். அந்தத் தண்டுதான் போஸ்ட். அதை வேரோடு ஒட்டும் பொருள்தான் ரெசின் சிமெண்ட். மேட்டைப் பிடித்து வைப்பது மட்டுமே அதன் வேலை.

போஸ்ட் வைத்தால் பல்லுக்குப் பலம் கூடுமா?

கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். போஸ்ட்டுக்கு இடம் செய்ய வேரை உள்ளிருந்து குடைய வேண்டியிருக்கிறது. குடைந்த அளவுக்கு வேர் மெலியும். பலம் இருப்பது மிச்சமிருக்கும் பல்லில்தான்.

உலக்கையின் நுனியில் பூண் போடுவோமே, அதை நினைத்துப் பாருங்கள். பூண் இல்லாத உலக்கை குத்தக் குத்த நுனியில் பிளக்கும். கேப்பும் பல்லை அப்படித்தான் பிடிக்க வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் எழும்பி நிற்க, கேப்பின் விளிம்பு அதைத் தழுவ வேண்டும். தொழிலில் இதை ஃபெரூல் என்போம். நம் பூண்தான் அது. பூணுக்குப் பல் இல்லாத இடத்தில் உலகத்தின் மிக நல்ல போஸ்ட்டை மிக நல்ல சிமெண்டால் ஒட்டினாலும், மெல்லும் விசை முழுவதும் அந்த ஒட்டின் மேல் விழும். நாளடைவில் ஒட்டு விடும்.

என் அனுபவத்தில், போஸ்ட் கழன்றது என்று வரும் பற்களில் பலவற்றில் ஈறுக்கு மேல் பல்லே இருப்பதில்லை. ஒட்டைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

கம்பியை விட்டுவிட்டு நார் (ஃபைபர்) போஸ்ட்டுக்கு ஏன் வந்தோம்?

வேரின் டென்டினுக்கு, அதாவது பல்லின் உட்பொருளுக்கு, ஒரு வளையும் தன்மை உண்டு. அதை நெகிழ்வுக் கெழு என்ற அளவால் சொல்வார்கள்: டென்டினுக்கு ஏறத்தாழ 18 ஜிகாபாஸ்கல், எஃகுக்கு ஏறத்தாழ 200. பத்து மடங்குக்கு மேல் விறைப்பான கம்பி வேருக்குள் இருந்தால், கடிக்கும்போது வேர் வளையும், கம்பி வளையாது. விசை எல்லாம் கம்பியின் முனைப்பக்கத்தில் குவிந்து வேரை ஆப்பு வைத்தது போல நெடுக்காகப் பிளக்கும். நெடுக்காகப் பிளந்த வேரை ஒட்ட முடியாது. பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும்.

நார் போஸ்ட் 1990-இல் பிரான்சிலிருந்து வந்தது. முதலில் கரிநார், கறுப்பாக இருந்ததால் முன்பல்லில் கேப்புக்கு அடியில் நிழல் தட்டியது. பிறகு கண்ணாடி நார், குவார்ட்ஸ் நார் வந்தன. ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளை நீளவாக்கில் இழுத்துப் பிடித்து, எபாக்சி அல்லது மெத்தாக்ரிலேட் ரெசினில் இறுக்கிய தண்டு அது. விறைப்பில் எஃகைவிட டென்டினுக்கு எவ்வளவோ நெருக்கம். வேர் வளையும்போது தானும் கொஞ்சம் வளைகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. கம்பிப் போஸ்ட் தோற்றால் பல வேளைகளில் வேர் போகிறது. நார் போஸ்ட் தோற்றால் பெரும்பாலும் ஒட்டு விட்டுக் கழன்று வருகிறது. பல் மிஞ்சுகிறது, திரும்ப ஒட்டலாம். எனக்கு இந்தப் பேரம் பிடித்திருக்கிறது. ஆனால் முழு வழக்கும் ஒட்டின் மேல் வந்து விழுகிறது. அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு நீளம்.

“எங்க ஃபைபர் வள்ளத்துக்குப் போடுற ரெசின்தானா இது?”

பாம்பன்காரர் ஒருவர் கேட்டது. மகிழ்ந்து போனேன், ஏனென்றால் கிட்டத்தட்ட அதே தத்துவம்தான். வள்ளத்துக்குக் கண்ணாடி நார் விரிப்பும் பாலியெஸ்டர் ரெசினும். இங்கே கண்ணாடி நார்த் தண்டும் மெத்தாக்ரிலேட் ரெசினும். வேதிப்பொருள் வேறு, வள்ளத்து ரெசினை வாய்க்குள் கொண்டுவர முடியாது. ஆனால் கரையில் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுகிறவர் கைக்குத் தெரிந்த பாடம் எல்லாம் இங்கேயும் செல்லும்.

அவர் என்ன செய்கிறார்? ஓட்டை விழுந்த இடத்தைச் சுரண்டித் தேய்க்கிறார். உப்பைக் கழுவுகிறார். காய விடுகிறார். எண்ணெய்க் கை படாமல் பார்க்கிறார். ஹார்டனரைக் கலந்த பிறகு பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வதில்லை. உச்சி வெயிலில் ரெசின் சட்டென்று இறுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். இறுகிய ரெசினின் காற்றுப் பட்ட மேல்தோல் பிசுபிசுக்கும் என்றும் தெரியும். ஆக்சிஜன் பட்ட இடத்தில் ரெசின் முழுதாக இறுகாது. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட் மருந்து பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

பல்லின் மேல்பாகத்தில் நன்றாக ஒட்டுகிற ரெசின் வேருக்குள் ஏன் அடம் பிடிக்கிறது?

பல காரணங்கள். முதலாவது சுருக்கம். ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். சித்திரை வெயிலில் கண்மாய் வற்றும்போது சேறு என்ன செய்கிறது? பரந்த கண்மாயில் மேல்மட்டம் கீழே இறங்கிச் சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அதே சேற்றை ஒரு குறுகிய குடத்துக்குள் அடைத்துக் காய விட்டால், எல்லாப் பக்கமும் ஒட்டியிருப்பதால் எங்காவது ஒரு சுவரைவிட்டுப் பிய்ந்தே ஆக வேண்டும். ஒட்டிய பரப்புக்கும் ஒட்டாத பரப்புக்கும் உள்ள இந்த விகிதத்தை சி-ஃபேக்டர் என்கிறார்கள். பல்லின் மேல்பாகத்தில் அடைக்கும் குழியில் அது பெரும்பாலும் 1 முதல் 5 வரை. வேர்க்குழாய்க்குள் 200-ஐயும் தாண்டக்கூடும். அதாவது வேருக்குள் ரெசின் சுருங்குவதற்கு விட்டுக்கொடுக்கும் பரப்பே இல்லை. ஒட்டு இறுகும் அந்தச் சில நிமிடங்களிலேயே தன்னைத் தானே இழுத்துப் பிய்க்கப் பார்க்கிறது. போஸ்ட் பிடிப்பதில் வேதி ஒட்டைவிட உராய்வுக்கே பெரும் பங்கு என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு.

இரண்டாவது வெளிச்சம். ஒளியால் இறுகும் ரெசினுக்கு ஒளி எட்ட வேண்டும். ஒளி கடத்தும் நார் போஸ்ட் என்று விற்பதிலும் ஆழம் போகப் போக ஒளி மங்கிவிடுகிறது. ஆகவே வேருக்குள் ஒளியால் மட்டும் இறுகும் சிமெண்டை வைக்கக் கூடாது. ஒளி எட்டாத இடத்தில் தானாகவும் இறுகும் இருவழிச் சிமெண்ட் வேண்டும்.

மூன்றாவது, கண் எட்டாது. வேர் சிகிச்சையில் குழாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள் கட்டாபெர்ச்சா. போஸ்ட்டுக்கு இடம் செய்யும் டிரில் அதை உருக்கிச் சுவரில் பூசிவிட்டுப் போகிறது. வாய்ப்பக்கம் சுவர் வெள்ளையாக இருக்கும், அடியில் இளஞ்சிவப்புப் பூச்சு அப்படியே இருக்கும். அதன் மேல் எந்த சிமெண்டும் ஒட்டாது. உருப்பெருக்கிக் கண்ணாடி, நல்ல விளக்கு, சந்தேகம் இருந்தால் ஒரு எக்ஸ்ரே. இந்த மூன்றுக்கும் சோம்பல்படக் கூடாது. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டுகளில் நான் ஒட்டிய ஒரு போஸ்ட் சில மாதத்தில் கேப்போடு கழன்று கையில் வந்தது. தண்டைச் சுற்றி சிமெண்ட் அழகாக இருந்தது. அதன் கீழ்ப்பாதியில் இளஞ்சிவப்புத் தோல் ஒட்டியிருந்தது. சிமெண்டை நான் பல்லில் ஒட்டவில்லை, கட்டாபெர்ச்சாவில் ஒட்டியிருந்தேன். அன்றிலிருந்து இடம் செய்த பிறகு சுவரை நுண்தூரிகையாலும் அல்ட்ராசானிக் முனையாலும் தேய்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை.

எவ்வளவு ஆழம் இறக்கலாம்?

வேர் நுனியில் கட்டாபெர்ச்சா 4 முதல் 5 மில்லிமீட்டராவது அசையாமல் இருக்க வேண்டும். அதைத் தொட்டால் கிருமிக்குக் கதவு திறந்தது போல. அதற்கு மேல் உள்ள இடம்தான் நமக்கு. கம்பிக் காலத்தில் ஆழம்தான் பிடிப்பு என்று படித்தோம். ஒட்டும் போஸ்ட்டில் தூய்மையான சுவர் ஆழத்துக்கு ஈடு செய்யும். இன்னும் ஒரு மில்லிமீட்டருக்காக வேரைக் குடைவதை நான் ஏற்பதில்லை.

வேர் சிகிச்சையில் ஊற்றிக் கழுவிய மருந்துகள் ஒட்டைக் கெடுக்குமா?

கெடுக்கும். கிருமியைக் கொல்லவும் சதையைக் கரைக்கவும் சோடியம் ஹைப்போகுளோரைட் இல்லாமல் வேர் சிகிச்சை இல்லை. ஆனால் அது டென்டினில் ஆக்சிஜனை விட்டுச் செல்கிறது. வள்ளத்தின் பிசுபிசுத்த மேல்தோல் நினைவிருக்கிறதா? அதே பிசுபிசுப்பு இங்கே ஒட்டும் முகத்திலேயே நேர்கிறது. எனவே போஸ்ட் ஒட்டப் போகும் நாளில் கடைசிக் கழுவல் ஹைப்போகுளோரைட்டாக இருக்கக் கூடாது. 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசலை ஒரு நிமிடம் வைத்து டிரில் விட்ட மண்ணை எடுத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் தாராளமாகக் கழுவுவது என் வழக்கம். 10 சதவீத அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி கரைசல், இந்தக் கெடுதலைப் பெரிதும் திருப்பிவிடும் என்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள்.

அடுத்தது யூஜினால். கிராம்பு எண்ணெயின் சாரம் அது. ரெசின் இறுகுவதற்கு வேண்டிய தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிகல்) யூஜினால் பிடித்துத் தின்றுவிடும். யூஜினால் கலந்த சீலரால் (கட்டாபெர்ச்சாவோடு வைக்கும் அடைப்புப் பசை) வேரை அடைத்திருந்தால் சுவரைக் கூடுதலாகச் சுத்தம் செய்ய வேண்டும். போஸ்ட் வரும் என்று முன்பே தெரிந்தால் எபாக்சி ரெசின் சீலரைப் பயன்படுத்துவது நிம்மதி. நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வலிக்குக் கிராம்புத் தைலம் பஞ்சில் நனைத்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் பல்லில் அதை வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். கழுவும் நேரத்தைக் கூட்டிக்கொள்வேன், அவ்வளவுதான்.

எந்த சிமெண்ட் வாங்குவது அக்கா? கடைக்காரர் ஐந்தாறு சொல்கிறார்.

குடும்பம் மூன்றுதான். முதல் குடும்பம், பாஸ்பாரிக் அமிலத்தால் அரித்துக் கழுவி, பசை பூசி, அதன் மேல் ரெசின் சிமெண்ட் வைப்பது. 1955-இல் புவோனோகோர் என்ற ஆய்வாளர் பல்லின் மேலோடான எனாமலை அமிலத்தால் அரித்துக் காட்டியதிலிருந்து வரும் பரம்பரை. 1982-இல் நகபயாஷி என்ற ஆய்வாளர், ரெசின் டென்டினின் கொலாஜன் என்ற புரத நார் வலைக்குள் புகுந்து ஒரு கலப்புப் படலமாக மாறுவதைக் காட்டினார். டென்டினில் ஒட்டு நிற்பது அந்தப் படலத்தில்தான். மேல்பாகத்தில் இதற்கு ஈடில்லை. வேருக்குள் சிக்கல்: அமிலத்தை அடிவரை கழுவ முடிந்ததா, ஈரம் அளவோடு இருக்கிறதா, பசை தேங்கி நிற்கிறதா என்று எதையும் கண்ணால் பார்க்க முடியாது.

இரண்டாவது, தானே அரிக்கும் பசை. கழுவும் வேலை இல்லை. இதில் ஒரு பொறி உண்டு, பலர் விழுந்திருக்கிறார்கள். ஒரே குப்பியில் வரும் அமிலப் பசையின் மேல், தானாக இறுகும் சிமெண்டை வைத்தால், பசையின் அமிலம் சிமெண்டை இறுகவைக்கும் அமீன் என்ற பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அமீன் இல்லாமல் ஒளி எட்டாத அடியில் சிமெண்ட் இறுகாது. மேலே கல்லாக, கீழே கூழாக இருக்கும். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. ஒரு நிறுவனத்தின் பசையையும் இன்னொரு நிறுவனத்தின் சிமெண்டையும் கையில் கிடைத்தபடி சேர்க்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்த ஜோடியை மட்டும் வாங்குங்கள்.

மூன்றாவது, தன்னொட்டு சிமெண்ட். 2002-இல் ரிலை எக்ஸ் யூனிசெம் என்ற பெயரில் வந்தது இதன் தொடக்கம். அமிலம், பசை என்று தனித்தனியே எதுவும் இல்லை. சிமெண்டிலேயே உள்ள பாஸ்பேட் மோனோமர் (ரெசினின் அடிப்படை மூலக்கூறு) பல்லின் கால்சியத்தைப் பிடிக்கிறது. கலப்புப் படலம் மெல்லியது, எண்ணிக்கையில் பார்த்தால் எனாமலில் இதன் ஒட்டு பலவீனம். ஆனால் வேருக்குள் எனாமல் இல்லையே. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். தவறு நேரக்கூடிய படிகள் குறைவு. நம்மைப் போல் சிறு ஊரில், ஒரே உதவியாளரை வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். இதற்கு முன் டென்டினைப் பாஸ்பாரிக் அமிலத்தால் அரிக்காதீர்கள். கூடுதல் பலம் வரும் என்று நினைத்துச் செய்கிறார்கள். கொலாஜன் வலைக்குள் இந்தக் கெட்டியான சிமெண்ட் புகாது, ஒட்டு குறைகிறது. குழாயை எலும்பு போலக் காய வைக்கவும் வேண்டாம்; காகித முனைகளால் ஒற்றி எடுத்தால் போதும்.

எம்.டி.பி. என்ற பாஸ்பேட் மோனோமரை 1980-களில் ஜப்பானின் குராரே நிறுவனம் பல் சிமெண்டுக்குள் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்களின் சிமெண்டிலும் பசையிலும் அது இருக்கிறது. டப்பாவில் அந்தப் பெயரைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

போஸ்ட்டின் மேல் என்ன பூச வேண்டும்?

முதலில் கை படக் கூடாது. அளவு பார்க்க வாய்க்குள் வைத்து எடுத்த போஸ்ட்டில் எச்சில் பட்டிருக்கும். ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். பிறகு சைலேன் என்ற இணைப்புத் திரவம், 60 விநாடி, மெல்லக் காற்றில் உலர்த்தல். சைலேனின் ஒரு கை கண்ணாடியைப் பிடிக்கும், மறு கை ரெசினைப் பிடிக்கும். ஆனால் எபாக்சியால் மூடிய போஸ்ட்டில் கண்ணாடி நார் வெளியே தெரிவதே குறைவு. அதனால் ஹைட்ரஜன் பெராக்சைடால் மேல்தோல் எபாக்சியைக் கொஞ்சம் கரைத்து நாரை வெளிக்காட்டிவிட்டு சைலேன் பூசுவது நல்ல பலன் தருகிறது: 24 சதவீதக் கரைசலில் ஒரு நிமிடம், அல்லது 10 சதவீதத்தில் 20 நிமிடம். அப்புறம் நன்றாகக் கழுவ வேண்டும், ஆக்சிஜன் கதை இங்கேயும் உண்டு. ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டாம், அது நாரையே அரிக்கும்.

நீளம் குறைக்க வைரச் சக்கரத்தால், தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். குறடால் நறுக்கினால் இழைகள் நசுங்கிப் பிரிந்து, முனையிலிருந்து உள்ளே விரிசல் ஓடும். கயிற்றின் நுனி பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் ஊர் வெயிலும் உப்புக்காற்றும் ஒட்டைப் பாதிக்குமா?

வாய்க்குள் வெப்பம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பாதிப்பு வாய்க்கு வெளியே, நம் அலமாரியில். ரெசின் சிமெண்டுகள் பலவற்றின் டப்பாவில் 2 முதல் 25 டிகிரி செல்சியசுக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். மே மாதத்தில் இரவு கரண்ட் போனால் நம் அறைகள் அந்த அளவைத் தாண்டிவிடும். அப்படிப் பல வாரம் கிடந்த சிமெண்டில் தானாக இறுகும் வேதிப்பொருள் பழுதாகியிருக்கலாம். சில சிரிஞ்சுக்குள்ளேயே கெட்டிப்படும். குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் எடுத்த உடனே திறக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த குழாயின் முனையில் பனி போல நீர் பூக்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறப்பதே சரி. சூடான அறையில் வேலை நேரம் குறையும். கலந்த பிறகு தாமதிக்க இடமில்லை.

சைலேன் குப்பிக்கு ஈரம்தான் பகை. மூடி தளர்ந்த குப்பியில் ஆல்கஹால் ஆவியாகும், நீர் ஏறும், கரைசல் பால் போல் கலங்கும். கலங்கியதைத் தூக்கிப் போடுங்கள்.

எங்கள் பக்கம் யாரும் அதிகம் பேசாத ஒன்று கம்ப்ரசர். கடற்காற்றை இழுத்து அழுத்தும்போது தொட்டிக்குள் தண்ணீர் தேங்குகிறது. தினமும் காலையில் அடித் திருகைத் திறந்து வடித்துவிடாவிட்டால், உலர்த்தும் காற்றோடு நீரும் எண்ணெயும் தூவலாக வந்து, அரை மணி நேரம் கழுவிய சுவரில் போய் உட்காரும். ஒட்டுவதற்கு முன் காற்றுக் குழலை ஒரு கண்ணாடித் துண்டில் ஊதிப் பாருங்கள். துளி தெரிந்தால் அந்தக் காற்றைப் பல்லுக்குக் காட்டாதீர்கள்.

சிமெண்டை லென்டுலோ சுழலியால் உள்ளே தள்ளலாமா?

வேண்டாம். பல ரெசின் சிமெண்டுகள் சுழலியின் கடைசலில் சீக்கிரம் இறுகிவிடும், போஸ்ட் பாதியில் நிற்கும். காற்றும் உள்ளே புகும். மெல்லிய நீள முனையை அடிவரை இறக்கி, சிமெண்ட் மேலே ஏற ஏற முனையைப் பின்னே இழுங்கள், முனை எப்போதும் சிமெண்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். போஸ்ட்டைச் சற்றே அசைத்து இறக்கி, விரலால் பிடித்து, தண்டின் தலை வழியே ஒளி காட்டுங்கள், 40 விநாடிக்குக் குறையாமல். பிறகு டப்பாவில் எழுதிய நிமிடங்கள் முடியும்வரை பொறுங்கள். அடியில் இருள். அங்கே இறுகுதல் மெதுவாக நடக்கிறது. உடனே டிரில் போட்டு மேட்டைச் செதுக்கினால் அரைகுறையாக இறுகிய ஒட்டை நாமே குலுக்கி விடுகிறோம்.

குழாய் அகலமாக இருக்கிறது, போஸ்ட் ஆடுகிறது. சிமெண்டைக் கூட வைத்து நிரப்பலாமா?

சிமெண்ட் தடிமனாக ஆக அதற்குள் குமிழியும் சுருக்கமும் கூடும். போஸ்ட்டைச் சுற்றிக் கம்போசிட்டை (பல் அடைக்கும் ரெசின் கலவை) பூசி, குழாய்க்குள் மசகு தடவி இறக்கி அச்சு எடுத்து, வெளியே எடுத்து முழுதாக இறுக்கி, பிறகு ஒட்டுவது நல்ல வழி. சின்ன வயதில் விழுந்து முன்பல் உடைந்த பிள்ளைகளுக்கு வேர்ச்சுவர் மெலிந்து குழாய் அகன்றிருக்கும். அவர்களுக்கு நான் இப்படித்தான் செய்கிறேன்.

“நான் சங்கு குளிக்கப் போறவன். ஆழத்துல இது கழண்டுக்குமா?”

நல்ல கேள்வி, அச்சமும் நியாயமானது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. சிமெண்டுக்குள் சிக்கிய காற்றுக் குமிழி இறங்கும்போது சுருங்கும், ஏறும்போது விரியும். ஒரு நாளில் பல முறை முங்குகிறவருக்கு அது பல முறை நடக்கிறது. அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்த ஆய்வகச் சோதனைகளில், ஜிங்க் பாஸ்பேட், கிளாஸ் அயனோமர் என்ற வேறு வகை சிமெண்டுகளால் ஒட்டிய கேப்களின் பிடிப்பு குறைந்தது. ரெசின் சிமெண்டால் ஒட்டியவை தாங்கின. ஆகவே உங்கள் தொழிலை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். போஸ்ட்டும் கேப்பும் இரண்டுமே ரெசின் சிமெண்டில் இருக்கட்டும். பாதி முடிந்த சிகிச்சையோடு, தற்காலிக அடைப்போடு முங்காதீர்கள். ஆழத்தில் பல்லுக்குள் வலி வெடித்தால் கவனம் சிதறும், அங்கே அது உயிர் விஷயம்.

கடலுக்குப் போகிறவர்கள் எப்போது செய்துகொள்வது நல்லது?

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. அதில் வாருங்கள். வேர் சிகிச்சை, போஸ்ட், கேப் மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. மற்ற மாதங்களில் என்ன நடக்கிறது? வேர் சிகிச்சையோடு வலி நின்றுவிடுகிறது, அண்ணன் கடலுக்குப் போய்விடுகிறார், தற்காலிக அடைப்பு உடைகிறது, எச்சில் வாரக்கணக்கில் வேருக்குள் ஊறுகிறது. பிறகு போஸ்ட் வைத்தால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். வேர் சிகிச்சையே மறுபடி செய்ய வேண்டி வரலாம். வள்ளத்தில் போகிறவர்களுக்குத் தடைக்காலம் கிடையாது. அவர்களுக்கு முடிந்தால் ஒரே அமர்வில் வேரை அடைத்துப் போஸ்ட்டையும் ஒட்டிவிடப் பார்ப்பேன்.

கேப் போட்ட முன்பல்லால் தங்கூசியை (நைலான் மீன்பிடி நரம்பை) கடித்து அறுப்பது வேண்டாம். கத்தி பக்கத்தில்தானே இருக்கிறது. பக்கவாட்டில் இழுக்கும் விசையைத்தான் இந்த ஒட்டு மிகக் குறைவாகத் தாங்கும்.

போஸ்ட்டோடு கேப் கழன்று வந்துவிட்டது. என்ன செய்ய?

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா கேப்பைக் கைக்குட்டையில் முடிந்து அன்றைக்கே கொண்டுவந்தார். அப்படித்தான் செய்ய வேண்டும். கழன்ற துண்டைப் பார்த்தால் எங்கே தவறு என்று தெரியும்: சிமெண்ட் தண்டோடு வந்திருந்தால் பல்லின் பக்கம் ஒட்டு விட்டிருக்கிறது, தண்டு வழவழப்பாக வந்திருந்தால் போஸ்ட்டின் பக்கம். கடையில் விற்கும் உடனடிப் பசையால் வீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அது ஈறைப் புண்ணாக்கும், கோணலாக இறுகும், அதை எடுக்கும்போது நல்ல பல்லும் போகும். வேர் பிளக்காமல், சொத்தை இல்லாமல் இருந்தால் சுத்தம் செய்து திரும்ப ஒட்டலாம். தாமதிக்காதீர்கள்.

நன்றாக ஒட்டியதும் காலப்போக்கில் விடுமா?

விடலாம். டென்டினுக்குள்ளேயே உறங்கும் நொதிகள் உண்டு. அமிலம் பட்டதும் விழித்து, ரெசின் முழுதாக மூடாத கொலாஜனை மெல்ல மெல்ல அரிக்கின்றன. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் அந்த நொதிகளை அடக்கும் என்பதால் அரித்துக் கழுவும் முறையில் பசைக்கு முன் சிலர் அதைப் பூசுகிறார்கள். ஹைப்போகுளோரைட் மிச்சமிருக்கும்போது அதை ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பழுப்பு வீழ்படிவு உண்டாகிக் குழாயை அடைக்கும், இடையில் நீரால் கழுவியே ஆக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையா?

நார் போஸ்ட்டில் உலோகம் இல்லை. தடையில்லை. மேலே உலோகக் கேப் இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள்.

எந்தப் பல்லுக்குப் போஸ்ட்டே வேண்டாம் என்பீர்கள்?

கடைவாய்ப் பற்களில் பாதிக்கு மேல் சுவர் நின்றால் வேண்டாம். அவற்றின் நடுவில் உள்ள அறையே அகலமானது. அதில் கம்போசிட்டை ஒட்டி மேடு கட்டினால் பிடித்துக்கொள்ளும். முன்பல்லில் வேர் சிகிச்சைக்குத் திறந்த சிறு துளை மட்டும் இருந்தால் அதை அடைத்தால் போதும். ஈறுக்கு மேல் பல்லே இல்லாமல், பூண் போட இடமில்லாமல் இருந்தால், முதலில் பல்லைக் கொஞ்சம் மேலே இழுக்கவோ ஈறைக் கொஞ்சம் இறக்கவோ முடியுமா என்று பார்ப்பேன். அதுவும் முடியாத பல்லுக்குப் போஸ்ட் வைத்துப் பணம் வாங்குவதற்கு எனக்கு மனம் வருவதில்லை. பிடுங்குவதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம். புதுக்கோட்டையிலோ மதுரையிலோ பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேட்க விரும்பினால் எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.